கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் மைல்கற்கள் எவை: கோப்பைகளா, பிழைத்துக்கொண்ட தருணங்களா?

மருதவாணன் (இழையைத் தொடங்கியவர்):

அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக்கான என்.எஃப்.எல்-இல் ஆடும் பேக்கர்ஸ் அணியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பதின்மூன்று சாம்பியன் பட்டங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, நடுவில் 1960களின் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். பட்டியலில் பிழையில்லை. ஆனால் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட ஒரு விஸ்கான்சின் ஊரின் அணி, நியூயார்க்கோடும் சிகாகோவோடும் சரிக்குச் சரியாக நூறாண்டுகளுக்கு மேல் எப்படி நின்றது என்பதற்கு அதில் விடை கிடைப்பதில்லை. 1920களில் கேன்டன், ரசீன், டுலூத், பாட்ஸ்வில், ராக் ஐலண்ட் எனச் சிற்றூர் அணிகள் பல இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இன்று லீக்கில் இல்லை.

அதனால்தான் இந்த அணியின் உண்மையான மைல்கற்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன என்று கருதுகிறேன். 1919 ஆகஸ்ட் 11 அன்று, உள்ளூர் நாளிதழான பிரஸ் கெசட்டின் ஆசிரியர் குழு அறையில் பின்னாளில் அணியின் பயிற்சியாளரான கர்லி லாம்போவும் அதே நாளிதழின் ஜார்ஜ் கால்ஹூனும் கூட்டிய கூட்டத்தில் அணி பிறந்தது. லாம்போ வேலை பார்த்த இந்தியன் பேக்கிங் என்ற இறைச்சி பதப்படுத்தும் நிறுவனம், சீருடைக்கும் உபகரணங்களுக்குமாக 500 டாலர் கொடுத்தது. அணியின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். மைதானத்துக்கு வேலி இல்லாததால் கால்ஹூன் தொப்பியை நீட்டிக் காசு வசூலித்தார். அந்த ஆண்டு பதினோரு ஆட்டங்களில் பத்தை வென்ற வீரர்களுக்கு, சீசன் முடிவில் ஆளுக்கு 16.75 டாலர் பங்காகக் கிடைத்தது.

1921-இல் அணி லீக்கில் சேர்ந்தது. கல்லூரி மாணவர்களைப் புனைபெயரில் ஆடவைத்ததற்காக அடுத்த சில மாதங்களிலேயே உரிமத்தை இழந்து, 1922 கோடையில் லாம்போவின் முயற்சியால் அதைத் திரும்பப் பெற்றது. அந்த இலையுதிர்காலம் முழுக்க மழைதான் எதிரி. ஓர் ஆட்டத்துக்காக எடுத்த மழைக் காப்பீடு கைகொடுக்கவில்லை; பாலிசியில் குறித்த அளவைவிட அன்று பெய்த மழை மயிரிழையில் குறைவு என்று நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. பிறகு நன்றி நவிலல் நாளில் டுலூத் அணியுடனான ஆட்டத்தன்று மீண்டும் மழை. ஆட்டத்தை ரத்து செய்துவிடலாமா என்று லாம்போவும் கால்ஹூனும் யோசித்தபோது, நாளிதழின் மேலாளர் ஆண்ட்ரூ டர்ன்புல், நட்டம் வந்தாலும் ஆடிவிடுங்கள், ஊர் வணிகர்களை நான் திரட்டித் தருகிறேன் என்றார். மறு ஆண்டு ஆகஸ்டில் 5 டாலர் வீதம் 1,000 பங்குகளை விற்று கிரீன் பே ஃபுட்பால் கார்ப்பரேஷன் உருவானது. என் கணக்கில் முதல் மைல்கல் இதுதான். உங்கள் பட்டியலில் எதற்கு முதலிடம்?

செங்கோடன்:

நீங்கள் சொல்லும் வரலாறு சரி; முடிவுதான் ஏற்கத்தக்கதாக இல்லை. 1923-இல் திரட்டியது 5,000 டாலர். அந்தத் தொகை ஓரிரு சீசன்களுக்கு உதவியிருக்கலாமே தவிர, நூறாண்டுகளைத் தாங்கியிருக்காது. வெல்லாத அணிக்கு எந்த ஊரும் இரண்டாம் முறை சட்டைப்பையில் கை விடாது.

ஆகவே நான் 1929-ஐ முதலில் வைப்பேன். அந்த ஆண்டு ஜானி பிளட் மெக்னலி, கேல் ஹப்பர்ட், மைக் மிச்சல்ஸ்கி ஆகிய மூவரையும் லாம்போ சேர்த்தார். பதின்மூன்று ஆட்டங்களில் பன்னிரண்டு வெற்றி, ஒரு சமன். எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து அந்த சீசனில் பேக்கர்ஸுக்கு எதிராக எடுத்த புள்ளிகள் 22 மட்டுமே. நவம்பர் 24 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில், அதுவரை தோல்வியே காணாத ஜயன்ட்ஸை 20-6 என்று வென்றபோது, பதினோரு பேரே ஏறத்தாழ ஆட்டம் முழுவதையும் ஆடி முடித்தார்கள்; கடைசிக் கட்டத்தில் ஒருவர் மட்டுமே மாற்றப்பட்டார். பட்டத்துடன் ஊர் திரும்பிய ரயிலை வரவேற்க, கடுங்குளிரில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தருகே காத்து நின்றார்கள். 1930, 1931 ஆண்டுகளிலும் பட்டம் தொடர்ந்தது.

அதன் பிறகு 1935-இல் அலபாமாவிலிருந்து டான் ஹட்சன் வந்தார். பாஸ் பிடிக்கும் வீரர் எப்படி ஓட வேண்டும், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் இந்த விளையாட்டு அவரிடமிருந்துதான் கற்றது. அவர் முதன்முறையாகத் தொடக்க வீரராக இறங்கிய ஆட்டத்தில், பேக்கர்ஸின் முதல் நகர்விலேயே ஆர்னி ஹெர்பர் எறிந்த பந்தைப் பிடித்து 83 கஜ டச்டவுன் (பந்துடன் எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடப்பது) எடுத்தார். சிகாகோ பேர்ஸுக்கு எதிரான அந்த ஆட்டம் 7-0 என்றே முடிந்தது. 1945-இல் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒரே கால்பகுதியில் தனியாளாக 29 புள்ளிகள் எடுத்தார். 1936, 1939, 1944 பட்டங்கள் அவர் காலத்தவை. இத்தனை வெற்றிகள் இல்லாமல் பங்குப் பத்திரத்தை யார் வாங்கியிருப்பார்கள்?

தாமரைச்செல்வி:

செங்கோடன் சொன்ன அதே பொற்காலத்துக்குள்தான் அணி ஏறக்குறைய மூழ்கியது. மூன்று பட்டங்களை அடுத்தடுத்து வென்ற அந்த 1931-இல், பழைய சிட்டி ஸ்டேடியத்தின் மரப்பலகை கேலரியிலிருந்து ஒரு பார்வையாளர் கீழே விழுந்து காயமடைந்தார். அவர் வழக்குத் தொடுத்தார். ஏறத்தாழ 5,000 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயிற்று. அந்தப் பணத்தைச் செலுத்த வேண்டிய காப்பீட்டு நிறுவனமோ அதற்குள் நொடித்துப் போயிருந்தது. பெருமந்தத்தின் நடுவில் இந்தச் சுமை அணியின் தலையில் விழ, 1933-இல் நிர்வாகம் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் கைக்குப் போனது. 1935-இல் ஊர் வணிகர்கள் சுமார் 15,000 டாலர் திரட்டிய பின்னரே, கிரீன் பே பேக்கர்ஸ் இன்கார்ப்பரேட்டட் என்ற இன்றைய பெயரில் அமைப்பு மீண்டது. 1923-இல் எத்தனை டாலர் வசூலானது என்பதைவிட, இக்கட்டு வரும்போது ஊரிடம் போகலாம் என்ற வழக்கம் அங்கே தொடங்கியதுதான் முக்கியம்.

அந்த வழக்கத்துக்கு மிகக் கடுமையான சோதனை 1949. போருக்குப் பின் தோன்றிய போட்டி லீக்கால் வீரர்களின் சம்பளம் ஏறியது. பேக்கர்ஸ் அந்த ஆண்டு இரண்டே ஆட்டங்களை வென்று பத்தில் தோற்றது. நன்றி நவிலல் நாளன்று, நிதி திரட்டுவதற்காக அணியை இரண்டாகப் பிரித்துத் தங்களுக்குள்ளேயே ஒரு காட்சி ஆட்டம் ஆடினார்கள். 1950 ஜனவரியில், லாம்போ அணிக்காக வாங்கியிருந்த ராக்வுட் லாட்ஜ் என்ற பயிற்சி விடுதி எரிந்துபோனது. வந்த காப்பீட்டுத் தொகை கடனை அடைக்க உதவியது. ஒரு வாரம் கழித்து, முப்பத்தோரு ஆண்டுகள் அணியைத் தாங்கிய லாம்போ பதவி விலகி சிகாகோ கார்டினல்ஸுக்குப் போய்விட்டார். நிறுவனரே கைவிட்ட அணி, பங்கு ஒன்று 25 டாலர் என்று மீண்டும் ஊரிடம் போய் 1,18,000 டாலருக்கும் மேல் திரட்டியது. அருகிலுள்ள பண்ணை ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண் கால் டாலர் நாணயங்களைத் தீப்பெட்டிகளில் போட்டு எடுத்துவந்து ஒரு பங்கு வாங்கியதாக அணியின் வரலாற்றுப் பக்கங்களில் ஒரு குறிப்பு உண்டு. அந்த ஆண்டு அவர் எந்த வெற்றியைக் கண்டு பங்கு வாங்கினார் என்று செங்கோடன்தான் சொல்ல வேண்டும்.

செங்கோடன்:

ஆறு பட்டங்களின் நினைவுதான் வாங்கவைத்தது, அம்மா. அந்த நன்றி நவிலல் நாள் ஆட்டத்தின் இடைவேளையில் ஹட்சன் உள்ளிட்ட பழைய நட்சத்திரங்களை மைதானத்துக்கு அழைத்துவந்ததே அந்த நினைவைக் கிளறத்தான்.

கார்முகிலன்:

இருவருமே கட்டடத்தை மறந்துவிட்டீர்கள். 1950 பங்கு விற்பனை அணிக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது, அவ்வளவுதான். உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பின்புறம் இருந்த 25,000 பேர் அமரும் பழைய மைதானத்துக்கு வருவதற்குப் பெரிய அணிகள் முகம் சுளித்தன. அதே வேளையில் 1953-இல் மில்வாக்கியில் கவுன்டி ஸ்டேடியம் திறக்கப்பட்டது. பேக்கர்ஸ் 1933 முதலே தன் சொந்த மண் ஆட்டங்களில் சிலவற்றை மில்வாக்கியில் ஆடிவந்தது. அணி முழுவதுமாக அங்கே நகர்ந்துவிடும் என்ற பேச்சு அப்போது வெறும் வதந்தியாக இல்லை. கிரீன் பே ஒரு நல்ல அரங்கத்தைக் கட்டியாக வேண்டும் என்று லீக்கும் நெருக்கியது.

1956 ஏப்ரல் 3 அன்று நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. கேள்வி, நகராட்சி கடன்பத்திரம் வெளியிட்டு ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் செலவில் அரங்கம் கட்டலாமா என்பது. வாக்கெடுப்புக்குச் சில நாள்களுக்கு முன் நடந்த ஆதரவுக் கூட்டத்தில் பேச வந்தவர் யார் தெரியுமா? பேக்கர்ஸின் பரம எதிரியான சிகாகோ பேர்ஸின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸ். பேர்ஸுக்கு நல்ல வசூல் தரும் எதிரி பேக்கர்ஸ் என்பது அவருக்குத் தெரியும். அவர் செய்ததைத் தியாகம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் தொலைநோக்கு என்று ஒப்புக்கொள்வேன். இரண்டுக்கு ஒன்று என்பதைவிட அதிக வித்தியாசத்தில் மக்கள் ஆதரித்தார்கள். செலவை நகரமும் அணியும் பாதி பாதியாக ஏற்றன. 1957 செப்டம்பர் 29 அன்று, அன்றைய துணை அதிபர் நிக்சன் முன்னிலையில் அரங்கம் திறக்கப்பட்டது. முதல் ஆட்டத்தில் வந்த எதிரணி பேர்ஸேதான். பேப் பரில்லி எறிந்த பந்தை கேரி நஃபெல்க் பிடிக்க, பேக்கர்ஸ் 21-17 என்று வென்றது. 1965-இல் லாம்போ இறந்த பிறகு அந்த அரங்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்த வாக்கெடுப்பு தோற்றிருந்தால் லொம்பார்டி கிரீன் பேவுக்கு வந்திருக்கவே மாட்டார். நாம் மில்வாக்கி பேக்கர்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

வேலவன்:

லொம்பார்டியின் பெயர் வந்துவிட்டதால் குறுக்கிடுகிறேன். அவர் காலத்தைப் பற்றிய வழக்கமான கதை, ஒரு பெரிய பயிற்சியாளர் ஒன்றுமில்லாத அணியை எடுத்துத் தூக்கி நிறுத்தினார் என்பது. 1958-இல் அணி ஒரு வெற்றி, பத்துத் தோல்வி, ஒரு சமன் என்று அதன் வரலாற்றிலேயே மோசமான நிலையில் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தோற்ற அணியின் உடைமாற்றும் அறையில் யாரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள்: பார்ட் ஸ்டார், பால் ஹார்னங், ஜிம் டெய்லர், ரே நிட்ஷ்கி, ஜெரி கிரேமர், ஃபாரஸ்ட் கிரெக். டெய்லர், நிட்ஷ்கி, கிரேமர் மூவரும், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1958 ஒன்றிலேயே கிடைத்தவர்கள். ஸ்டார் 1956-இல் பதினேழாவது சுற்றில், 200-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். இந்தத் தேர்வுகளுக்குப் பின்னால் இருந்தவர் ஜாக் வைனிசி என்ற இளம் திறன் தேடுநர். அவர் 1960 நவம்பரில், 33 வயதில், ஒரு பட்டத்தைக்கூடப் பார்க்காமல் இறந்துபோனார். மைல்கற்கள் வரிசையில் வைனிசிக்கு இடமில்லை என்றால் அந்த வரிசை குறைபாடுள்ளது.

1959 தொடக்கத்தில் லொம்பார்டி வந்தார்; பயிற்சியாளர், பொது மேலாளர் ஆகிய இரு பொறுப்புகளும் அவரிடமே. முதல் ஆண்டே ஏழு வெற்றி. 1960 இறுதி ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியாவிடம் 17-13 என்று தோற்ற பிறகு, பேக்கர்ஸில் இருந்தவரை அவர் நாக் அவுட் ஆட்டம் எதிலும் தோற்கவில்லை. 1961, 1962, 1965, 1966, 1967 என ஐந்து லீக் பட்டங்கள்; அவற்றில் கடைசி இரண்டோடு, இரு போட்டி லீக்குகளின் சாம்பியன்கள் அன்று மோதிய சூப்பர் பவுலின் முதல் இரண்டும். கான்சஸ் சிட்டியை 35-10 என்றும், ஓக்லண்டை 33-14 என்றும் வென்றார்கள். 1970-இல் அவர் இறந்ததும் சூப்பர் பவுல் கோப்பைக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். 1967 டிசம்பர் 31, டல்லாஸ் கவ்பாய்ஸுடன் லீக் இறுதி ஆட்டம். வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். மைதானத்தின் அடியில் பதித்திருந்த மின் வெப்பமூட்டும் அமைப்பு பயன்படாமல் போக, மேலே போர்த்திய தார்ப்பாயின் கீழ் சேர்ந்த ஈரம் விரிப்பை அகற்றியதும் உறைந்து தரை கண்ணாடிபோல் ஆயிற்று. முதல் முறை ஊதியபோதே நடுவரின் உலோக விசில் உதட்டோடு ஒட்டிக்கொண்டதால், மீதி ஆட்டத்தைக் குரலாலேயே நடத்தினார்கள். முதலில் 14-0 என்று முன்னிலையில் இருந்த பேக்கர்ஸ், நான்காம் கால்பகுதியில் 17-14 என்று பின்தங்கியது. ஆட்டம் முடிய 4 நிமிடம் 50 விநாடி இருக்கையில், 68 கஜம் கடக்க வேண்டிய நிலையில் பந்து ஸ்டாரிடம் வந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் வேண்டாம் என்று விட்டவரான சக் மெர்சீன் அந்த நகர்வு வரிசையில் பாதி தூரத்தைக் கடந்து தந்தார். 16 விநாடி மிச்சம். எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு ஏறத்தாழ இரண்டடி தூரம். கடிகாரத்தை நிறுத்தும் கடைசி டைம் அவுட்டும் எடுத்தாயிற்று. உறைந்த தரையில் ஓடுபவரின் கால் வழுக்குகிறது, நானே நுழைந்துவிடுகிறேன் என்று லொம்பார்டியிடம் சொல்லிவிட்டுத் திரும்பிய ஸ்டார், பந்து மெர்சீனுக்கு என்ற பொருள்படும் குறியீட்டையே தன் அணியினரிடம் அறிவித்தார். கிரேமரும் கென் போமனும் எதிராளியைப் பிளந்த இடைவெளியில் அவரே பாய்ந்தார். பந்து தனக்கு வரும் என்று ஓடிவந்த மெர்சீன், ஸ்டாரைப் பின்னாலிருந்து தள்ளியதாக நடுவர் நினைத்துவிடக்கூடாதே என்று இரு கைகளையும் மேலே தூக்கினார். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் அது வெற்றிக் களிப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். 21-17.

பொன்னி:

இந்த விளையாட்டை அண்மையில்தான் பார்க்கத் தொடங்கினேன், அதனால் ஒரு ஐயம். லொம்பார்டி காலத்தில் இவ்வளவு வென்றார்கள் என்றால், அதற்குப் பிறகு சிற்றூர் அணி என்ற சிக்கல் தீர்ந்துவிட்டதா? பெரிய நகரங்களின் அணிகள் பணத்தைக் கொட்டி இவர்களைத் தள்ளிவிடவில்லையா?

தாமரைச்செல்வி:

நல்ல கேள்வி. இதற்கான விடை கிரீன் பேவில் இல்லை, வாஷிங்டனில் இருக்கிறது. 1961 வரை ஒவ்வோர் அணியும் தன் ஆட்டங்களின் தொலைக்காட்சி உரிமையைத் தானே விற்றது. நியூயார்க் அணிக்குக் கிடைக்கும் தொகைக்கும் கிரீன் பேவுக்குக் கிடைக்கும் தொகைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. புதிதாகப் பொறுப்பேற்ற லீக் ஆணையர் பீட் ரோசல், எல்லா அணிகளின் உரிமையையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாக விற்று வருவாயைச் சமமாகப் பிரிக்கத் திட்டமிட்டார். அது போட்டியைத் தடுக்கிறது என்று நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உடனே நாடாளுமன்றத்தை அணுகி, விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தை நிறைவேற்றவைத்தார்கள். 1961 செப்டம்பர் இறுதியில் அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு சிபிஎஸ் நிறுவனத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலர். 14 அணிகளுக்கும் சமபங்கு. அதாவது அணிக்கு 3.3 லட்சம் டாலருக்கு மேல். 1950-இல் ஊரையே திரட்டிப் பெற்ற தொகையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, யாரிடமும் தொப்பியை நீட்டாமல், ஆண்டுதோறும் வந்தது.

மருதவாணனின் கணக்குப் புத்தகக் கொள்கையை நான் ஆதரிப்பதே இதற்காகத்தான். நியூயார்க் ஜயன்ட்ஸின் மாரா குடும்பம் தங்களுக்கு வரவேண்டிய பெரும்பங்கை விட்டுக்கொடுக்க இசைந்த அந்த முடிவு, பேக்கர்ஸ் வரலாற்றின் ஆகப்பெரிய மைல்கல். அது நடந்தபோது பேக்கர்ஸ் வீரர் எவரும் களத்தில்கூட இல்லை. 2025-இல் வெளியான ஆண்டறிக்கையில், லீக்கிடமிருந்து பங்காக வந்த தேசிய வருவாய் மட்டும் 43 கோடி டாலருக்கு மேல்; அணியின் மொத்த வருவாயில் பாதியைவிட அது மிகுதி.

மருதவாணன்:

இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை, ஆனால் முதலிடம் தரமாட்டேன். 1961-இல் பங்கு வாங்கும் இடத்தில் கிரீன் பே இருந்ததற்கே 1923, 1935, 1950, 1956 ஆகிய நான்கும் காரணம். சமபங்கு வந்தபோது பாட்ஸ்வில் அணி உயிரோடு இல்லை.

கார்முகிலன்:

தொலைக்காட்சிப் பணம் அணியை வாழவைத்தது, வெல்லவைக்கவில்லை. லொம்பார்டி 1968 தொடக்கத்தில் பயிற்சியாளர் பொறுப்பை விட்டதிலிருந்து 1992 வரையிலான கால் நூற்றாண்டைப் பாருங்கள்: நாக் அவுட் சுற்றை எட்டியது இரண்டே முறை, 1972-இலும் 1982-இலும். 1974-இல் வயதான குவாட்டர்பேக் (பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜான் ஹாடிலுக்காக ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளைத் தாரைவார்த்தார்கள். பிற அணிகளின் பயிற்சியாளர்கள் சரியாக ஆடாத வீரரை மிரட்ட, உன்னை கிரீன் பேவுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்வார்களாம்.

அந்த மிரட்டல் செல்லாக்காசானது 1993 ஏப்ரலில். ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை அந்த ஆண்டுதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கான வழக்குகளில் ஒன்று ரெஜி வைட்டின் பெயரிலேயே நடந்தது. அந்த வைட், நாடே வியக்க, நான்கு ஆண்டுக்கு 1.7 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் கிரீன் பேவைத் தேர்ந்தெடுத்தார். பணம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கறுப்பின மக்கள் மிகக் குறைவாக வாழ்ந்த ஊர் அது. 1950-இல் பாப் மேன் வரும்வரை சீசன் ஆட்டத்தில் ஒரு கறுப்பின வீரரைக்கூட அணி இறக்கியதில்லை. லொம்பார்டி வந்த பிறகுதான், பாகுபாடு காட்டும் விடுதிகளுக்கு அணியைச் சேர்ந்த எவரும் போகமாட்டார்கள் என்று ஊருக்கே எச்சரிக்கை விடப்பட்டது. அப்படிப்பட்ட ஊரை அன்றைய மிகப்பெரிய தற்காப்பு வீரர் தாமாகத் தேர்ந்தெடுத்தது மற்ற வீரர்களின் பார்வையை மாற்றியது. என் பட்டியலில் இதற்கு இரண்டாம் இடம்.

செங்கோடன்:

வைட்டுக்கு முன்னால் ரான் வுல்ஃபைச் சொல்லுங்கள். 1991 நவம்பரில் பொது மேலாளராக வந்த அவர், சில மாதங்களுக்குள் மைக் ஹோம்கிரனைப் பயிற்சியாளராக்கினார். அட்லாண்டா அணி ஓரங்கட்டி வைத்திருந்த பிரெட் ஃபாவ் என்ற இளைஞருக்காக ஒரு முதல் சுற்று வாய்ப்பையே கொடுத்தார். 1992 செப்டம்பர் 20 அன்று வழக்கமான குவாட்டர்பேக் காயமடைய, உள்ளே வந்த ஃபாவ் தட்டுத்தடுமாறி ஆடி, கடைசி நிமிடத்தில் சின்சினாட்டியை 24-23 என்று வீழ்த்தினார். 1997 ஜனவரி 26, நியூ ஆர்லியன்ஸில் முப்பத்தோராவது சூப்பர் பவுல்: நியூ இங்கிலாந்து 27-21 என்று நெருங்கிய உடனே டெஸ்மண்ட் ஹோவர்ட் பந்தைப் பிடித்து 99 கஜம் ஓடினார், கடைசியில் வைட் மூன்று முறை குவாட்டர்பேக்கை வீழ்த்தி ஆட்டத்தை முடித்தார். 35-21. லொம்பார்டியின் பெயர் பொறித்த கோப்பை 29 ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பியது.

அதன் பிறகு நடந்ததை மருதவாணன் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு இறுதியில் 200 டாலர் வீதம் நான்காம் பங்கு விற்பனை நடந்தது, 2.4 கோடி டாலர் சேர்ந்தது. 2010 சீசனில் ஆறாவது இடத்தில் தகுதிபெற்ற அணி, எதிரணி ஊர்களிலேயே மூன்று ஆட்டங்களை வென்று, ஆரன் ராஜர்ஸ் தலைமையில் பிட்ஸ்பர்க்கை 31-25 என்று வீழ்த்தி நான்காவது சூப்பர் பவுலைப் பெற்றது. 2011 இறுதியிலேயே ஐந்தாம் விற்பனை, 250 டாலர் வீதம், 6 கோடி டாலருக்கு மேல். கோப்பை முன்னே போனால் காசு பின்னே வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தாமரைச்செல்வி:

அந்த விற்பனைகளை 1950-உடன் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். 1997-இல் புதிய பங்குகளை வெளியிடும் முன், பழைய பங்கு ஒவ்வொன்றையும் ஆயிரமாகப் பிரித்தார்கள். அதாவது 1950-இல் 25 டாலர் கொடுத்தவரின் குடும்பத்துக்கு ஆயிரம் வாக்குகள். 1997-இல் 200 டாலர் கொடுத்தவருக்கு ஒன்று. 2021-இல் தொடங்கிய ஆறாம் விற்பனையில் விலை 300 டாலர். பங்காதாயம் கிடையாது, விலை ஏறாது, வெளியில் விற்கவும் முடியாது. இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களில் பெரும்பாலோர் வாங்கியது சுவரில் மாட்டும் காகிதம். அது தவறு என்று சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் தெரிந்தேதான் வாங்குகிறார்கள்.

உண்மையான சுமை வேறு தோளில் ஏறியது. 2000 செப்டம்பரில், கிரீன் பே அடங்கிய பிரவுன் கவுன்டி மக்கள், அரங்கச் சீரமைப்புக்காக அரை விழுக்காடு விற்பனை வரியை ஏற்கலாமா என்று வாக்களித்தார்கள். 1956-இல் இரண்டுக்கு ஒன்றுக்கும் மேலாக இருந்த ஆதரவு, அப்போது 53-க்கு 47. ஏறத்தாழ 29.5 கோடி டாலர் திட்டம் அது. வரி 2015 வரை வசூலிக்கப்பட்டது. ஆட்டமே பார்க்காதவரும் கடையில் பொருள் வாங்கும்போதெல்லாம் கட்டினார். இந்த வாக்கெடுப்பையும் மைல்கல் என்று எழுதும்போது அந்த 47-ஐயும் சேர்த்து எழுத வேண்டும்.

வேலவன்:

மில்வாக்கிக்கும் ஒரு வரி எழுதிவிடலாம். 62 சீசன்கள் அங்கே ஆடிய பிறகு, 1994 டிசம்பர் 18 அன்று கடைசி ஆட்டம். 14 விநாடி மிச்சமிருக்கையில், டைம் அவுட் இல்லாத நிலையில், ஃபாவ் தாமே ஓடிப் பாய்ந்து அட்லாண்டாவை 21-17 என்று வென்றார். மில்வாக்கியின் சீசன் டிக்கெட்காரர்களைக் கைவிடாமல், கிரீன் பேவில் நடக்கும் சில ஆட்டங்களை இன்றுவரை அவர்களுக்கென்றே ஒதுக்குகிறார்கள்.

2022 டிசம்பர் 4-ஐயும் சேர்க்க வேண்டும். அன்று சிகாகோவிலேயே பேர்ஸை 28-19 என்று வென்றபோது பேக்கர்ஸின் மொத்தச் சீசன் வெற்றிகள் 787 ஆயின; லீக்கிலேயே அதிக வெற்றி என்ற பெருமை பல பத்தாண்டுகளுக்குப் பின் பேர்ஸிடமிருந்து கைமாறியது. 1956-இல் அரங்கம் கட்டச் சொல்லி ஹாலஸ் பேசியதன் விலை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மறு ஆண்டு ராஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போக, ஜார்டன் லவ் குவாட்டர்பேக் பொறுப்பை ஏற்றார். 2008-இல் ஃபாவ் போனதும் அதே ஜெட்ஸுக்குத்தான்.

பொன்னி:

கடைசியாக ஒன்று. பங்குதாரர்களுக்குப் பங்காதாயமும் இல்லை, விற்கும் உரிமையும் இல்லை என்றால், நாளை யாராவது பல நூறு கோடி டாலர் கொடுத்து அணியையே வாங்கிவிட்டால் அந்தப் பணம் இவர்களுக்கு வருமா?

மருதவாணன்:

வராது. தொடக்க கால விதிகளின்படி, அமைப்பைக் கலைத்தால் கடன்போக மிஞ்சுவதெல்லாம் முன்னாள் படைவீரர்களின் சங்கமான அமெரிக்கன் லீஜியனின் உள்ளூர்க் கிளைக்குப் போய், போர்வீரர்களுக்கான நினைவகம் ஒன்று கட்டப்பட வேண்டும். 1997-இல் பங்குதாரர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். இப்போது அந்தப் பணத்தைப் பெற வேண்டியது கிரீன் பே பேக்கர்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய உச்சவரம்பு இரண்டு லட்சம் பங்குகள், மொத்தமோ ஐம்பது லட்சத்துக்கும் மேல். அதனால் தனியொருவர் கட்டுப்பாட்டைப் பிடிக்கவும் வழியில்லை. இத்தகைய உரிமை அமைப்பை லீக் விதிகள் வேறு எந்த அணிக்கும் அனுமதிப்பதில்லை. விதி வருமுன்பே இருந்ததால் பேக்கர்ஸுக்கு மட்டும் விலக்கு.